சிறு வயலும் ஷிப்டு வேலையும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் ஒரகடத்தை நெருங்கினால் நிசான், கோமாட்சு என்று ஜப்பானியப் பெயர்ப்பலகைகள் வரும். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்பினால் வல்லம் வடகாலில் யமஹா. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் வட்டாரத்தின் முகமே மாறிவிட்டது. ஆனாலும் ஒரு சிப்காட் வேலிக்கும் இன்னொரு சிப்காட் வேலிக்கும் நடுவே இன்னும் நெல் விளைகிறது. ஒரு ஏரிக்கரை, ஒரு மதகு, அதன் கீழே கொஞ்சம் நன்செய், அதை ஒட்டி எல்லைக்கல் நட்டுப் போட்ட தரிசு. இந்த மிச்சத்தைப் பற்றி ஊரிலும் அலுவலகங்களிலும் ஒரே தீர்ப்புதான் சொல்லப்படுகிறது: அரை ஏக்கர், ஒரு ஏக்கரை வைத்துக்கொண்டு விவசாயம் கட்டாது, கம்பெனி வந்த இடத்தில் வயல் நிற்காது. இந்தத் தீர்ப்பில் இரண்டு பாதி இருக்கிறது, இரண்டுமே தவறு. அதற்கான சான்று, பலகைகளில் பெயர் தொங்கும் கம்பெனிகளின் சொந்த நாட்டிலேயே கிடைக்கிறது. நம்மைப் போன்ற துண்டு வயல்களில், தொழிற்சாலையின் நிழலிலேயே, ஜப்பான் இரண்டு தலைமுறைக் காலம் நெல் விளைவித்தது. பிறகு ஓரிடத்தில் சறுக்கியது. அந்தச் சறுக்கல் நமக்கு அதன் வெற்றியைவிடப் பயனுள்ள பாடம்.

முதலில் அளவைப் பார்ப்போம். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் கையில் இருக்கும் நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. வடக்கே பரந்து கிடக்கும் ஹொக்கைடோவைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், 1960இல் ஜப்பானின் சராசரியும் முக்கால் ஹெக்டேரைச் சற்றே தாண்டியதுதான். போருக்குப் பின் 1946 முதல் 1950 வரை அங்கே நடந்த நிலச்சீர்திருத்தம் இதை வேண்டுமென்றே உருவாக்கியது. வெளியூரில் உட்கார்ந்திருந்த நிலச்சுவான்தார்களின் குத்தகை நிலம் முழுவதையும், உள்ளூர்க்காரர்களிடம் 1 ஹெக்டேருக்கு மேல் குத்தகைக்கு விடப்பட்டிருந்ததையும் அரசு வாங்கி உழுதவனுக்கு விற்றது. ஏறத்தாழ 19 லட்சம் ஹெக்டேர் கைமாறியது. மொத்த நிலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்த குத்தகை நிலம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. 1952இல் வந்த விவசாய நிலச் சட்டம் இதற்குப் பூட்டுப் போட்டது: உழாதவர் விளைநிலம் வாங்க முடியாது, வாங்கியதை வேறு உபயோகத்துக்கு மாற்ற அனுமதி வேண்டும், ஒவ்வொரு ஊராட்சியிலும் அதைப் பார்க்க ஒரு வேளாண் குழு இருக்கும். நம்மிடமும் 1955இன் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 1961இல் 30 தர ஏக்கர் என்று வைத்து 1970இல் 15 ஆகக் குறைத்த உச்சவரம்புச் சட்டமும் உண்டு. வேறுபாடு, நிலம் யாரிடம் போக வேண்டும் என்பதோடு நம் சட்டம் நின்றுவிட்டதில் இருக்கிறது. அந்த நிலம் பிறகும் வயலாகவே இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அது வலுவான பதில் எதையும் வைத்திருக்கவில்லை.

துண்டு நிலம் கட்டாது என்ற வாதத்தின் உள்ளே ஒளிந்திருப்பது உண்மையில் நேரக் கணக்கு. விதைக்கும் உரத்துக்கும் நிலத்தின் அளவு ஒரு பொருட்டில்லை. கால் ஏக்கரில் போட்டாலும் நூறு ஏக்கரில் போட்டாலும் அவை ஒரே மாதிரிதான் வேலை செய்யும். இந்தியாவில் 1950களில் நடந்த பண்ணை ஆய்வுகளை வைத்து 1962இல் அமர்த்தியா சென் சுட்டிக்காட்டியது இன்னும் ஒரு படி மேலே போனது: சிறிய பண்ணைகளில் ஏக்கருக்கான விளைச்சல் பெரும்பாலும் பெரிய பண்ணைகளைவிடக் கூடுதல், காரணம் குடும்பத்தின் உழைப்பு அங்கே தாராளமாக இறங்குகிறது. சிறு விவசாயியின் சிக்கல் விளைச்சலில் இல்லை. அந்த விளைச்சல் ஒரு ஆளின் முழு வருஷத்தையும் தின்றுவிட்டு அரை வருஷக் கூலியைக்கூடத் தராததில் இருக்கிறது. ஜப்பானில் 1960இல் ஒரு ஏக்கர் நெல்லுக்குச் சுமார் 700 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. இன்று அது 90 மணி நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டு ஏக்கர்காரருக்கு இது ஏறக்குறைய 175 நாளிலிருந்து 22 அல்லது 23 நாளாகச் சுருங்குவது. இருபத்துச் சொச்சம் நாள் என்பது ஒரு பருவத்தின் ஞாயிற்றுக்கிழமைகளிலேயே அடங்கிவிடும்.

அந்த நேரத்தைச் சுருக்கியவை பெரிய டிராக்டர்கள் அல்ல. 1950களில் பரவிய பவர் டில்லர், 1970 வாக்கில் கைக்கு வந்த நடவு இயந்திரம், கதிரை மட்டும் உள்ளிழுத்து அடிக்கும் சிறிய அறுவடை இயந்திரம், களைக்கொல்லி. நடவு இயந்திரத்தின் நுட்பம் பாதி அதன் இரும்பில் இல்லை, நாற்றில் இருக்கிறது. இரண்டடி நீளம், ஒரு அடி அகலத் தட்டுகளில் வேர் பின்னிப் பாயாக வளர்ந்த நாற்று இருந்தால்தான் இயந்திர விரல் அதைச் சீராகக் கிள்ளி நட முடியும். அந்த நாற்றை வீட்டில் வளர்க்க நேரமில்லாதவருக்குக் கூட்டுறவுச் சங்கமே வளர்த்து விற்றது. நம் ஊரில் பாய் நாற்றங்கால் என்ற பெயரில் வேளாண்மைத் துறை பரப்பி வருவதும் இதே முறைதான்.

இப்போது தொழிற்சாலைக்கு வருவோம். 1961இல் ஜப்பான் தன் வேளாண் அடிப்படைச் சட்டத்தை இயற்றியபோது, சிறு விவசாயிகள் நகரத்துக்குப் போவார்கள், எஞ்சியவர்கள் பெரிய பண்ணைக்காரர்கள் ஆவார்கள் என்றே எதிர்பார்த்தது. ஆட்கள் வேலைக்குப் போனார்கள், நிலத்தை மட்டும் விடவில்லை. 1970 வாக்கில் விவசாயக் குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு வெளிவருமானம் வயல் வருமானத்தைத் தாண்டிவிட்டது. அப்பா ஆலைக்குப் போக, தாத்தா, பாட்டி, அம்மா மூவரும் பார்க்கும் விவசாயம் என்று அதற்கு அங்கே ஒரு கேலிப்பெயரே இருந்தது. அரசு இதைத் தடுப்பதற்குப் பதில் வசதியாக்கிக் கொடுத்தது. 1971இல் கிராமப்புறங்களுக்குத் தொழில்களைக் கொண்டுபோக ஒரு தனிச் சட்டம் போட்டது. ஆலை ஊருக்கு வந்தால் ஆள் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை என்பதே அதன் கணக்கு. விவசாயக் குடும்பத்தின் மொத்த வருமானம் நகரத் தொழிலாளர் குடும்பத்தை அந்தப் பத்தாண்டிலேயே எட்டிப் பிடித்தது. தொழிற்சாலைச் சம்பளம் வயலுக்கு விரோதியாக இல்லாமல் அதன் காப்பீடாக இருந்தது.

ஆனால் ஷிப்டுக்குப் போகிறவர் வயல் பார்க்க வேண்டுமானால் நேரம் மட்டும் போதாது, அந்த நேரம் எப்போது என்று தீர்மானிக்கும் உரிமையும் அவரிடம் இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் தண்ணீர் நுழைகிறது. நம் ஏரி ஆயக்கட்டில் மதகிலிருந்து புறப்படும் வாய்க்கால் எல்லா வயலையும் தொடுவதில்லை. மேல்வயலின் மடை திறந்து கீழ்வயலுக்கு, அதன் மடை திறந்து அடுத்ததற்கு என்று வயல் விட்டு வயல் நீர் இறங்குகிறது. மேலே நட்டுவிட்டவர் நீரைக் கட்டினால் கீழே உழ வேண்டியவர் காத்திருக்க வேண்டும். கீழே அறுவடைக்குக் காய வேண்டிய நேரத்தில் மேலே இன்னும் பாய்ச்சல் நடக்கும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று எந்தப் பட்டமானாலும் ஊரே ஒரே நாட்காட்டியில் நகர வேண்டும். முன்பு நீர்க்கட்டி என்று ஒருவர் அதற்காகவே இருந்தார். எல்லாரும் முழுநேர விவசாயியாக இருந்தவரை இந்த ஏற்பாடு கச்சிதமாக ஓடியது. பாதிப் பேர் ஏ ஷிப்டுக்கும் பி ஷிப்டுக்கும் பஸ் ஏறத் தொடங்கிய பிறகு, அது ஒவ்வொருவரையும் பக்கத்து வயல்காரரின் வசதிக்குக் கட்டிப்போடும் கயிறாகிவிட்டது.

ஜப்பானிலும் பழைய முறை இதேதான். 1949இன் நில மேம்பாட்டுச் சட்டம் அதை மாற்ற வழி திறந்தது. ஒரு பாசனப் பகுதியின் விவசாயிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால், அங்குள்ள வயல்கள் முழுவதையும் அழித்துத் திரும்ப வரையலாம். சிதறிக் கிடந்த துண்டுகளை மாற்றிக்கொடுத்து ஒன்றுசேர்த்து, 100 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரே மாதிரிச் செவ்வகங்களாக வெட்டினார்கள். ஒரு செவ்வகம் முக்கால் ஏக்கர். அதன் ஒரு குறுக்குப்பக்கத்தில் நீர் வரும் வாய்க்கால், எதிர்ப்பக்கத்தில் வடிகால், கூடவே வண்டிப்பாதை. வடிவம் நீளமாக இருக்கக் காரணம், இயந்திரம் திரும்புவதில்தான் நேரத்தை இழக்கிறது. நீள ஓட்டத்தில் திருப்பம் குறைவு. தனி மடையும் தனி வடிகாலும் இருக்கக் காரணம், ஞாயிற்றுக்கிழமை நட வேண்டியவர் சனிக்கிழமை இரவே யாரையும் கேட்காமல் தன் வயலுக்கு நீர் வைத்துக்கொள்ள வேண்டும். வயலின் பரப்பு பெருகவில்லை, உடைமையும் பெருகவில்லை. ஒரு சிறு விவசாயி தன் வாரத்தைத் தானே திட்டமிடும் சுதந்திரம் மட்டும் கிடைத்தது. பஞ்சாபும் ஹரியானாவும் சுதந்திரத்துக்குப் பின் நிலச்சேர்ப்பைச் செய்து முடித்தன. தென் மாநிலங்கள் அதைப் பெரிதாகக் கையிலெடுக்கவில்லை. ஏரிக்குக் கீழே ஒவ்வொரு வயலின் மட்டமும் நீர் உரிமையும் வேறுவேறு என்பதால் இங்கே அது கடினம்தான், மறுக்கவில்லை. ஜப்பானின் மலைச்சரிவு வயல்களில் மட்டம் இதைவிடவா சீராக இருந்தது?

இயந்திரத்தில் நாம் ஜப்பானைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று டிராக்டர், நடவு இயந்திரம், அறுவடை இயந்திரம் மூன்றையும் வாங்கிக் கொட்டகையில் நிறுத்தியது. வருஷத்தில் சில நாள் ஓடும் இரும்புக்கு ஆலைச் சம்பளம் தவணை கட்டியது. இயந்திரத்தால் வந்த ஏழ்மை என்றே அதற்குப் பெயர் வந்தது. தமிழ்நாட்டில் பெல்ட் வண்டி என்னும் அறுவடை இயந்திரம் மணிக்கணக்கு வாடகைக்கு வயலுக்கே வருகிறது. வேளாண் பொறியியல் துறையும் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. ஆக, ஜப்பானியச் சிறு வயலின் மிகச் செலவான பகுதியை நாம் ஏற்கெனவே மலிவாகத் தீர்த்துவிட்டோம். தீர்க்காமல் விட்டது தண்ணீரும் நில உபயோகமும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். ஜப்பானை உதாரணம் காட்டுகிறீர்களே, அங்கே விவசாயம் செத்துக்கொண்டல்லவா இருக்கிறது? உண்மைதான். 2020 கணக்கெடுப்பில் விவசாயத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்கள் 13.6 லட்சம் பேர், அவர்களின் சராசரி வயது 67.8. கைவிடப்பட்ட விளைநிலம் 2015இல் 4.23 லட்சம் ஹெக்டேர். நெல் மிகுந்துபோனதால் 1970 தொடங்கி 2018 வரை விவசாயிகளுக்குப் பணம் கொடுத்துப் பரப்பைக் குறைக்கச் சொன்னது அரசு. அதன் பின்னும் மானியம் வேறு பயிர்ப்பக்கம் தள்ளியது. இப்படிக் கையிருப்பு சுருங்கியிருந்த நிலையில், 2025இல் ஐந்து கிலோ அரிசி முந்தைய ஆண்டைப் போல இருமடங்காகி 4,000 யென்னைத் தாண்டியது. அரிசியை நான் காசு கொடுத்து வாங்கியதே இல்லை, ஆதரவாளர்களே தந்துவிடுகிறார்கள் என்று பேசிய வேளாண் அமைச்சர் அந்த மே மாதம் பதவி விலக நேர்ந்தது. வேளாண் அமைச்சகத்தின் முன்னாள் அதிகாரி கசுஹிதோ யமாஷிதா போன்றவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குற்றச்சாட்டு, பகுதிநேர விவசாயிகளைக் காப்பாற்ற விலையை ஏற்றி வைத்ததே முழுநேரத் திறமைசாலிகளை வளரவிடாமல் செய்தது என்பது.

இந்த விமர்சனத்தில் பாதியை ஏற்கிறேன். விலையை ஏற்றிச் சிறு விவசாயியைக் காப்பது நகர ஏழையிடம் வசூலித்துச் செய்யும் தர்மம். அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் சிறுமைதான் அங்கே வயலைக் கொன்றது என்ற முடிவு தவறு. ஐம்பது வருஷம் அந்தச் சிறு வயல்கள் நாட்டுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே விளைவித்தன. அதனால்தானே பரப்பைக் குறைக்க வேண்டி வந்தது. சறுக்கியது தலைமுறை மாறிய இடத்தில். மகன் டோக்கியோவில் நிரந்தரமாகத் தங்கிவிட்டான், வயல் வேண்டாம். ஆனால் விற்கவும் மாட்டான், நீண்ட குத்தகைக்கு விடவும் மாட்டான். ஏனென்றால் நாளைக்கு ஒரு நெடுஞ்சாலையோ கடைவளாகமோ வந்தால் அதே நிலம் பன்மடங்கு விலை போகும். 1952இன் பூட்டு இருந்தும், அனுமதி கேட்டால் அடிக்கடி கிடைத்தது. கிடைக்கும் என்ற நம்பிக்கை ஒன்றே போதுமானதாக இருந்தது. 2009இல் கம்பெனிகளுக்கும் குத்தகையைத் திறந்துவிட்டார்கள். 2014இல் மாவட்டந்தோறும் நில வங்கி வைத்து, இருப்பவரிடம் வாங்கி உழுபவரிடம் குத்தகைக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரே பண்ணையாக நடத்தும் கிராமக் கூட்டுப் பண்ணைகள் பதினாலாயிரத்துக்கும் மேல் உருவாயின. எல்லாம் நல்ல ஏற்பாடுகள், முப்பது வருஷம் தாமதம்.

ஒரகடத்தின் நோயும் இதுவேதான், இன்னும் கடுமையாக. நெல் தரும் வருமானத்துக்கும் நிலத்தின் சந்தை விலைக்கும் இந்தத் தடத்தில் எந்தத் தொடர்பும் மிச்சமில்லை. விலை முழுக்க அடுத்த சிப்காட் அறிவிப்பையும் அடுத்த சாலையையும் பார்த்து நிற்கிறது. 2022இல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்த பிறகு, ஏகனாபுரம் மக்கள் எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்து நிலமெல்லாம் இந்தக் கணக்குக்குள் இழுக்கப்பட்டுவிட்டது. விற்பதற்குக் காத்திருக்கும் உடைமையாளர் எழுத்தில் குத்தகை தர மாட்டார். வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவரின் பெயர் அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேட்டில் ஏறாது. ஏறாவிட்டால் பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்கும் அவர் ஒவ்வொரு முறையும் சான்றிதழுக்கு அலைய வேண்டும். அவர் சலித்து விடும்போது வயல் தரிசாகிறது. அதைப் பார்த்துச் சிறு நிலம் கட்டாது என்று சொல்கிறோம்.

விவசாயியே விற்க விரும்பும்போது தடுக்க நீங்கள் யார் என்று கேட்கலாம். ஒருவர் தன் நிலத்தை நல்ல விலைக்கு விற்பது அவர் உரிமை, கடன்பட்ட குடும்பத்துக்கு அதுவே விடுதலையும்கூட. ஆயக்கட்டில் மட்டும் ஒருவர் விற்பனை அவரோடு முடிவதில்லை. நடுவில் ஒரு வயலை மேடாக்கி மனை போட்டால் அதற்குக் கீழே உள்ள எல்லா வயலுக்கும் மடை அடைபடுகிறது. பிறகு அவர்களுக்கும் விற்பதைத் தவிர வழியில்லை, அதைச் சுயவிருப்பம் என்று பதிவு செய்கிறோம். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. 2017இலேயே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்துவிட்டன. காவிரி டெல்டாவுக்கு 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கிடைத்தது, ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய காஞ்சிபுரத்துக்கு அப்படி எதுவும் இல்லை. டெல்டாவுக்கு ஆறு இருக்கிறது, அரசியலும் இருக்கிறது.

வயல் போனால் ஏரியாவது மிஞ்சுமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு ஹெக்டேர் வயலில் வரப்புக்குள் கூடுதலாக 10 சென்டிமீட்டர் நீர் நின்றால் அது 10 லட்சம் லிட்டர். ஜப்பானின் நீகாட்டா மாவட்டத்தில் முராகாமிப் பக்கம் 2002 முதல் இதையே வெள்ளத் தடுப்பாகச் செய்கிறார்கள்: வயலின் வடிமடையில் சிறு ஓட்டையுள்ள பலகை ஒன்றைச் செருகினால் பெருமழை நீர் மெதுவாக இறங்கும், கீழுள்ள ஊர் தப்பும். அரசு அதற்கு விவசாயிகளுக்குப் பணமும் தருகிறது. அடையாற்றுக்கு நீர் சேர்க்கும் ஏரிகளும் வயல்களும் இந்தத் தடத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதைச் சென்னைக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயக்கட்டு போன ஏரியில் நீர் நிற்கலாம். கலங்கலைப் பார்க்கவும் வரத்துக்கால் அடைப்பை எடுக்கவும் அக்கறையுள்ள ஆள் இருக்க மாட்டார்.

எனக்கே முழுமையாகப் பதில் சொல்ல முடியாத மறுப்பு, வேலையைப் பற்றியது. ஜப்பானில் ஆலை வேலை உள்ளூர்க் குடும்பத்துக்குக் கிடைத்தது, நிலையாகவும் இருந்தது. இங்கே உற்பத்தி வரிசையில் நிற்பவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏராளம், வெளியூர்க்காரர்களும் ஏராளம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறந்ததே அதற்குச் சாட்சி. ஆக, பகுதிநேர விவசாயக் குடும்பம் தமிழ்நாட்டிலும் இருக்கிறது, நீண்டு கிடக்கிறது: சம்பளம் ஒரகடத்தில், வயல் திருவண்ணாமலையிலோ விழுப்புரத்திலோ. மகள் அனுப்பும் பணத்தில் அங்கே போர்வெல் இறங்குகிறது. அது ஞாயிற்றுக்கிழமை விவசாயம் ஆகாது. நிலம் கொடுத்த ஊர்களுக்கு நிரந்தர வேலையில் இடம் என்ற பேச்சு இழப்பீட்டுப் பேச்சாக மட்டும் இங்கே நடத்தப்படுகிறது. எஞ்சிய ஆயக்கட்டின் ஆயுளும் அதில் தொங்குகிறது.

பணம் எங்கே என்று கேட்டால், இதில் பெரும்பகுதிக்குப் பணத்தைவிட விதிதான் தேவை. 2023 ஏப்ரலில் சட்டமன்றம் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்கு, இடையில் நீர்நிலை இருந்தாலும், அரசு நிலத்தைச் சேர்த்து ஒருங்கிணைக்க அது வழி செய்கிறது. தொழிலுக்காக நிலத்தைக் கோத்துக் கொடுக்கும் சட்டம் எழுதத் தெரிந்த அரசுக்கு, ஆயக்கட்டுக்காரர்கள் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புக்கொண்டால் வயல்களை மாற்றி வரையும் சட்டம் எழுதுவது பெரிய காரியமில்லை. அதை நடத்த 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் இருக்கின்றன. இயந்திரத்துக்கு, நூறு விவசாயிகள் கொண்ட குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தரும் கூட்டுப் பண்ணையத் திட்டம் 2017இலேயே வந்துவிட்டது. மண்வேலைக்கும் ஆதாரம் இல்லாமலில்லை: 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும், தமிழ்நாட்டில் அதில் ஒரு பங்கு ஏரி தூர்வாரலுக்குப் போகிறது. கரையோடு நின்றுவிடும் அந்தச் செலவை மதகுக்கு வெளியே கொண்டுவந்து, முதலில் ஒரே ஒரு ஏரியின் கீழ், ஒவ்வொரு வயலுக்கும் தனி மடையும் தனி வடிகாலும் வைத்துப் பார்க்கலாம். அந்த ஆயக்கட்டை இருபது வருஷத்துக்கு மனைப்பிரிவு வரைபடத்திலிருந்து விலக்கி அரசாணை போட்டால் போதும்.